முதலாளியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்

சுயதொழிலாளர் முதுமைச் சேமிப்பு வாரியத்தின் வாசலில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு கிழவரும் ஒரு கிழவியும் கடற்கரை மணலில் கால் நீட்டி உட்கார்ந்து வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இருவருக்கும் ஒரு பல்கூட விழவில்லை. படத்துக்குக் கீழே கிடக்கும் நீள பெஞ்சில் நிஜமான கிழவர்களும் கிழவிகளும் மடியில் காகித உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சிரித்து நான் பார்த்ததில்லை. "படத்துல இருக்கறவங்க எந்த வருஷத்து மெம்பருங்க?" என்று ஒருநாள் வாசல் காவலாளியிடம் கேட்டேன். "அவங்க மெம்பரு இல்லீங்க, மாடலு" என்றார். அதானே பார்த்தேன்.

நானும் அந்த பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தவன்தான். கடிகாரம் ரிப்பேர் செய்கிற கடை வைத்திருக்கிறேன். ஆனால் என் கதை சப்பென்று இருக்கும். நான் சொல்ல வந்தது என் பக்கத்துக் கடை சலூன்காரரின் கதை. அவர் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவர் கடை ரேடியோவை என் கடையில் உட்கார்ந்து கேட்கலாம், கடைக்குப் பின்னாலேயே இருக்கும் அவர் வீட்டுச் சண்டையையும் கேட்கலாம்.

சலூன்காரர் அறுபதைத் தாண்டியவர். கடையில் இரண்டு சுழல் நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. அவரிடம் சவரம் செய்துகொண்டு போகிறவர்கள் தெருமுனை வரைக்கும் கன்னத்தைத் தடவிக்கொண்டே போவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ கிளாஸில் தெரிந்தது, அப்புறம் சீப்பில், அப்புறம் கத்திரியில். ஒருநாள் பேங்க் வாட்ச்மேனின் காது மடலில் கத்தி பட்டு ரத்தம் வந்துவிட்டது. வாட்ச்மேன் தங்கமான மனுஷர். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "விடுங்க அண்ணே, இன்னொண்ணு இருக்குல்ல" என்றார். சலூன்காரர் அன்று கடையைச் சீக்கிரமே சாத்தினார்.

"இன்னிக்குக் காது. நாளைக்குக் கழுத்துன்னா என்ன பண்றது?" என்று என் கடைக்கு வந்து கேட்டார்.

டாக்டர், இந்த நடுக்கம் இனிமேல் கூடுமே தவிரக் குறையாது, கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். சலூன்காரர் மனைவி வீட்டில் பழைய கை மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு துணி ஆல்டர் செய்து கொடுப்பவர். அவர்தான் கணக்குப் போட்டார். வாரியத்தில் கட்டிய பணத்தை எடுத்துவிட வேண்டியது. சலூன் நாற்காலிகளைத் தூக்கிவிட்டு, அதே கடையில் மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று போட வேண்டியது. சலூன்காரர் இஸ்திரி போடுவார். "இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கற கை நடுங்கினா என்ன, சட்டைக்கு வலிக்கவா போகுது?" என்றார் மனைவி. எனக்குத் தெரிந்து அந்தத் தெருவில் யாரும் இவ்வளவு தெளிவாகத் திட்டம் போட்டதில்லை. அதில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அது வாரியம்.

அந்த வாரியத்தில் அவரைச் சேர்த்துவிட்டது ஒரு முகவர். பல வருஷம் முன்பு டை கட்டிக்கொண்டு வந்து சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணே, கம்பெனியில வேலை பாக்கறவனுக்கு முதலாளி பென்ஷன் பிடிக்கறான். உங்களுக்கு முதலாளியே கிடையாது. உங்களை யாரு பாப்பா? அதுக்குத்தான் எங்க வாரியம்" என்று சொல்லி, ஓசியில் முடி வெட்டிக்கொண்டு போனவர். அன்றிலிருந்து சலூன்காரர் ஒரு மாசம் தவறவில்லை. மழை பெய்து கடைக்குள் தண்ணீர் வந்த மாசத்திலும், மகள் கல்யாண மாசத்திலும் கட்டினார்.

அப்படிப்பட்டவர் விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு போய் நீட்டினார். கவுண்டரில் இருந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதலாளி கையெழுத்து எங்கே?"

"எனக்கு முதலாளி இல்லீங்கம்மா. சொந்தக் கடை."

"சொந்தக் கடைன்னா யாரோட கடை?"

"என்னோடதுதான்."

"அப்ப முதலாளி யாரு?"

"நான்தான்."

"இப்பத்தானே இல்லைன்னீங்க? வயசான காலத்துல எதுக்குப் பொய் சொல்றீங்க? முதலாளி உங்களைப் பணியிலேர்ந்து விடுவிச்சதா எழுதிக் குடுக்கணும். அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க."

"வந்திருக்கேனே அம்மா."

"நீங்க இப்போ தொழிலாளியா வந்திருக்கீங்க. இது தொழிலாளி கவுண்டர். முதலாளிங்க மாடிக்குப் போகணும், மூணு மணிக்கு மேல."

டாக்டர் சீட்டைக் காட்டினார். "டாக்டர் உங்க முதலாளியா?" என்று கேட்டு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் அந்த அம்மா. குறையொன்றும் சொல்வதற்கில்லை, அவர் விதிப்படிதான் நடந்துகொண்டார். அந்த விதிகள் ஆலைத் தொழிலாளர்களுக்காக எப்போதோ எழுதப்பட்டவை. சுயதொழிலாளர்களுக்குத் தனி வாரியம் என்று அறிவித்த வேகத்தில், ஆலை என்று வரும் இடங்களில் எல்லாம் சுயதொழில் என்று மாற்றி அச்சடித்துவிட்டார்கள். முதலாளியை என்ன செய்வது என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் முதலாளி அப்படியே தங்கிவிட்டார்.

மூணு மணிக்குச் சலூன்காரர் மாடி ஏறினார். கீழே பெஞ்சு. மேலே சோபா. கீழே பானையில் தண்ணீர், சங்கிலி போட்ட டம்ளர். மேலே ஒருவர் தட்டில் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சலூன்காரர் கொடுத்தவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சோபாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மாடியில் இருப்பவர் ஓய்வுப் பிரிவு அதிகாரி. காலையில் கீழே இதே சலூன்காரரைப் பார்த்து, "நகருய்யா, வழியில நிக்காதே" என்று சொன்னவர்தான். இப்போது எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாங்க சார், உக்காருங்க. உங்களை மாதிரி நாலு பேருக்கு வேலை குடுக்கறவங்களாலதான் நாடு ஓடுது."

"ஒருத்தருக்குத்தாங்க குடுத்தேன்" என்றார் சலூன்காரர்.

"ஒருத்தரோ நூறு பேரோ, குடுக்கறது பெருசு சார். உங்க ஆளு ஏன் திடீர்னு நிக்கறேங்கறாரு?"

"கை நடுங்குதுங்க."

அதிகாரி சிரித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்பிட்டீங்களா? நீங்க வெள்ளந்தியா இருக்கீங்க சார். இந்தத் தொழிலாளிங்களை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். கை நடுங்குதும்பாங்க, கண்ணு தெரியலைம்பாங்க. எல்லாம் பணத்தை எடுக்கற வரைக்கும்தான். எடுத்துட்டா உடம்புல ஒரு நோவும் இருக்காது. விட்டுக் குடுக்காதீங்க, கெட்டியாப் பிடிச்சு வேலை வாங்குங்க" என்றார்.

சலூன்காரர் மரியாதைக்காக ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி வைத்தார். படி இறங்கி வரும்போதுதான், மேலே தன்னைப் பற்றித்தான் பேசினார்கள் என்பது அவருக்கு உறைத்தது. என் கடைக்கு வந்து அதைச் சொன்னபோது அவருக்கு முகம் கன்றிப்போயிருந்தது. "நானும் தலையாட்டிட்டேங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

முதலாளி கையெழுத்து மட்டும் போதாது என்று அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். பொய்யாக ஓய்வு பெறுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்களாம். ஆகவே முதலாளி, தொழிலாளிக்குப் பிரிவுபசார விழா நடத்த வேண்டும். நினைவுப் பரிசு கொடுக்க வேண்டும். இருவரும் ஒன்றாக நிற்கும் போட்டோவும் பரிசுப் பொருளும் வாரியத்தில் காட்டப்பட வேண்டும். "பிரிவுபசாரம் நடந்தாத்தான் சார் பிரிஞ்சாங்கன்னு அர்த்தம். இல்லேன்னா நாங்க எதை வெச்சு நம்பறது?" என்று கேட்டாராம்.

சலூன்காரர் என்னிடமே ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினார். நல்ல கடிகாரம். காசு வாங்க எனக்கு மனசு வரவில்லை, ஆனால் முதலாளி காசு கொடுத்து வாங்கிய ரசீது வேண்டும் என்று வாரியத்தில் கேட்பார்கள் என்றார். புது பேட்டரி நானே போட்டுக் கொடுத்தேன். விழா சலூனில் நடந்தது. கூட்டம் என்று பார்த்தால் நான், அவர் மனைவி, காதில் வடு உள்ள பேங்க் வாட்ச்மேன். முதலாளியும் தொழிலாளியும் ஒரே படத்தில் விழ வேண்டுமே, அதற்குத்தான் அந்த நீளக் கண்ணாடி உதவியது. சலூன்காரர் கண்ணாடி முன் நின்று கடிகாரத்தை நீட்டினார். கண்ணாடிக்குள் இருந்தவரும் நீட்டினார். யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று தெரியாதபடி நான் போனில் படம் பிடித்தேன்.

"நல்லா இருக்கு" என்றார் அவர் மனைவி. "ஆனா ரெண்டு பேர் மூஞ்சியிலயும் ஈ ஆடலை."

அந்த ஒரு வாக்கியத்தில் அவர் கண்டுபிடித்ததை வாரியம் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த ஓய்வுப் பிரிவு அதிகாரி இரண்டு விஷயங்களைக் குறித்துவைத்திருந்தார். ஒன்று, படத்தில் உள்ள முதலாளிக்கு இடது கைப் பழக்கம் இருக்கிறது, கையெழுத்தோ வலது கையால் போட்டது, எனவே ஆள்மாறாட்டமாக இருக்கலாம். இரண்டு, இருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை, எனவே முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஏதோ தகராறு இருக்கிறது. கடிகாரத்தைச் சான்றுப் பொருளாக எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

தகராறு என்று ஒரு வாசனை பட்டுவிட்டால் போதும், ஒரு அலுவலகத்துக்கு எங்கிருந்துதான் அந்தச் சுறுசுறுப்பு வருகிறதோ தெரியவில்லை. வருஷக் கணக்கில் நகராத காகிதம் எல்லாம் அன்றைக்கே நகர்ந்தது. சலூன்காரரைக் கீழே அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, அதே அதிகாரி கனிவாகப் பேசினார்.

"பயப்படாம சொல்லுங்க. முதலாளி காதுக்குப் போகாது. வாரத்துல ஒருநாள் லீவு குடுத்தாரா?"

"இல்லீங்க. ஞாயித்துக்கிழமைதான் கூட்டம் வரும்."

"ஓவர்டைமுக்குக் காசு?"

"யாரு குடுப்பா?"

"உடம்பு முடியாதப்ப?"

"காய்ச்சலோட கடை திறந்திருக்கேன்."

"பாவி" என்றார் அதிகாரி. அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்ததாகச் சலூன்காரர் சொன்னார். "எலும்பை உருக்கி வேலை வாங்கிட்டு, இப்போ கை நடுங்குதுன்ன உடனே வெளியே தள்ளறான்."

"அப்படியெல்லாம் இல்லீங்க. நானாத்தான் போறேன்."

"அப்படிச் சொல்லச் சொல்லி மிரட்டினாரா?"

சலூன்காரர் யோசித்தார். "சொல்லிக்கிட்டேன்" என்றார் கடைசியில். டைப்பிஸ்ட் அதைத் தட்டச்சு செய்துகொண்டார்.

விசாரணை நாளன்று சாட்சியாக அவர் மனைவியையும், விழாவை நேரில் கண்டவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வாரியத்தின் தலைவரே நடுவராக உட்கார்ந்தார். அவர் பெரிய மனுஷர், பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவார், பேசி முடித்த பிறகும் செருமுவார். எதிரே இரண்டு நாற்காலி. இடப்பக்கம் மெத்தை வைத்தது முதலாளிக்கு, வலப்பக்கம் மரக்கட்டை தொழிலாளிக்கு. கேள்வி யாருக்கோ அந்த நாற்காலிக்குச் சலூன்காரர் மாற வேண்டும். அவர் மாறி மாறி உட்கார்ந்ததில் மூச்சு வாங்கியது. பாதியில் தலைவர், தொழிலாளி மனம் விட்டுப் பேச வேண்டும், அதனால் முதலாளி வெளியே போகட்டும் என்று உத்தரவு போட்டார். சலூன்காரர் வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது. தொழிலாளி ஏன் நாற்காலியில் இல்லை என்று உள்ளே சத்தம் போட்டார்கள். விசாரணைக்கு மதிப்புக் கொடுக்காமல் தொழிலாளி வெளியேறிவிட்டதாக எழுதப்போனார்கள். நான் எழுந்து ஓடிப்போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். சிரிப்பு வரவேண்டிய இடம்தான். ஆனால் அந்த மனுஷர், எந்த நாற்காலியில் உட்காருவது என்று என்னையே கேட்டார்.

அவர் மனைவியின் முறை வந்தது.

"முதலாளியா இவர் எப்படிப்பட்டவர்மா?" என்று தலைவர் கேட்டார்.

"முதலாளியா இருந்திருந்தா எனக்கு ஒரு மோட்டார் மெஷின் வாங்கிக் குடுத்திருப்பாரு."

"அப்ப தொழிலாளியா?"

"தொழிலாளியா இருந்திருந்தா ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்திருப்பாரு."

"ரெண்டும் இல்லைன்னா இவர் யாரும்மா?"

"சலூன்காரரு. வேற என்ன?"

தலைவர் டைப்பிஸ்டைப் பார்த்தார். டைப்பிஸ்ட் அந்த மாதிரி ஒரு கட்டம் தாளில் இல்லை என்றார். பதில் பதிவாகவில்லை.

தீர்ப்பு அடுத்த மாசம் வந்தது. தொழிலாளியின் பக்கம் நியாயம் இருப்பதாக வாரியம் முடிவு செய்திருந்தது. லீவில்லாமல் வேலை வாங்கியதற்கும் ஓவர்டைம் கொடுக்காததற்கும் முதலாளிக்கு அபராதம் விதிக்கப்படும், தொகை பிறகு தெரிவிக்கப்படும். நடுக்கத்தைக் காரணம் காட்டித் தொழிலாளியை வெளியேற்ற நினைத்த முதலாளியின் முயற்சி முறியடிக்கப்பட்டது. தொழிலாளி உடனடியாக மறுபடி வேலையில் அமர்த்தப்பட வேண்டும். மறுத்தால் முதலாளிக்குச் சிறை.

"நாம ஜெயிச்சுட்டோமா?" என்று சலூன்காரர் என்னிடம் கேட்டார்.

"ஒருத்தர் ஜெயிச்சிருக்கீங்க, ஒருத்தர் தோத்திருக்கீங்க" என்றேன்.

"பணம் எவன்கிட்ட இருக்குன்னு பாருங்க, அவன்தான் ஜெயிச்சவன்" என்றார் அவர் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

வாரியம் இவ்வளவு பெரிய வெற்றியை அதற்கு முன்னால் கண்டதில்லை. மறுபடி வேலையில் அமர்த்தும் சடங்கைச் சலூனிலேயே விழாவாக நடத்துவது என்று முடிவு செய்தார்கள். கடை வாசலில் பந்தல் போட்டார்கள், மைக் கட்டினார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். என் கடை வாசலை மறைத்து வாரியத்தின் படத்தை நிறுத்தினார்கள், அதே பல் விழாத கிழவரும் கிழவியும். வந்தவர்கள் எல்லாருக்கும் பிஸ்கட். சலூன்காரருக்கு மட்டும் இல்லை, அவர் வேலை நேரத்தில் இருந்தார்.

தலைவர் செருமிவிட்டுப் பேசினார். அந்தப் பேச்சை ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

"எங்கள் வாரியத்தில் சேர்ந்த ஒரு தொழிலாளிகூட இன்றுவரை வேலையை இழந்தது கிடையாது. எழுபது வயதிலும் உழைக்கிறார்கள், எண்பது வயதிலும் உழைக்கிறார்கள். சில பேர் உழைத்துக்கொண்டிருக்கும்போதே இறந்திருக்கிறார்கள், அதுவும் எங்களுக்குப் பெருமைதான். பணத்தை எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? செலவாகிவிடும். உங்கள் பணத்தை உங்களிடமிருந்து காப்பாற்றுவதற்காக இரவு பகலாக இருநூறு அதிகாரிகள் உழைக்கிறோம். எங்களுடைய சம்பளத்துக்கே அதில் பெரும்பகுதி போய்விடுகிறது என்றால் எவ்வளவு உழைப்பு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வரும் முப்பதாம் தேதி நான் ஓய்வு பெறுகிறேன். எனக்கு முதல் தேதியே பென்ஷன் வந்துவிடும். விண்ணப்பம்கூட எழுத வேண்டாம். ஏனென்றால் என்னை அலுவலகத்துக்குத் தெரியும். அதேபோல நீங்களும் அலுவலகத்துக்குத் தெரிந்தவர்களாக இருந்துவிட்டால் பிரச்சினையே இல்லை."

கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த அதிகாரிகள்தான் தட்டினார்கள். ஆனால் சத்தம் பெரிதாக இருந்தது.

அதன்பிறகு ஓய்வுப் பிரிவு அதிகாரி மைக்கைப் பிடித்து, மறுபடி வேலையில் அமர்ந்த தொழிலாளியின் முதல் வாடிக்கையாளராக நம் தலைவர் அவர்களே சவரம் செய்துகொள்வார் என்று அறிவித்தார். இதை யார் யோசித்தது என்று தெரியவில்லை. போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று எவனோ சொல்லியிருக்க வேண்டும்.

தலைவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் அவர் கிட்டே போய், "ஐயா, வேணாங்க. கை சரியில்லை" என்று மெதுவாகச் சொன்னார்.

"தைரியமா பண்ணுங்க, நான் இருக்கேன்" என்றார் தலைவர், கேமராவைப் பார்த்தபடி.

சலூன்காரர் துணியைப் போர்த்தினார், சோப்பு நுரையைப் பூசினார். பிரஷ் ஆடினால் யாருக்கும் தெரியாது, நுரை நன்றாகத்தான் வந்தது. தலைவர் கழுத்தை உயர்த்திக் கொடுத்தார். சலூன்காரர் புது பிளேடு மாட்டிக் கத்தியை எடுத்தார். எடுத்தவர் அதைத் தலைவரின் தோலுக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு சாண் தள்ளியே பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கையை நான் அத்தனை கிட்டத்தில் அதுவரை பார்த்ததில்லை. கத்தியில் பட்ட வெளிச்சம் தெறித்துத் தெறித்து, எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைப் புள்ளி குதித்துக்கொண்டே இருந்தது.

கண்ணை மூடியிருந்த தலைவர், ஏன் இன்னும் கத்தி படவில்லை என்று கண்ணைத் திறந்தார். எதிரே முழு நீளக் கண்ணாடி. அதில் தன்னுடைய கழுத்து, அதற்குப் பக்கத்தில் அந்தக் கை.

"ஐயையோ, கை நடுங்குதே!" என்று கத்தினார். நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். போர்த்திய துணி அவர் காலில் சுற்றிக்கொண்டது. "இந்த ஆளுக்குக் கை நடுங்குதுய்யா! இவனைப் போய் எவன்யா வேலைக்கு வெச்சான்?"

பத்திரிகைக்காரர்கள்கூடப் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வாசல் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சலூன்காரரின் மனைவி எழுந்து வந்தார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தலைவர் முன்னால் நீட்டினார்.

"அதைத்தான் ஐயா ஒரு வார்த்தை எழுதிக் குடுங்கன்னு இவ்வளவு நாளா கேக்கறோம்" என்றார்.

தலைவர் தாளைப் பார்த்தார். தாடையிலிருந்து நுரை அதன்மேல் சொட்டியது. உயிர் போகிற பயத்திலும் அந்த மனுஷர் விதியை மறக்கவில்லை என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

"அது முதலாளி எழுதிக் குடுக்கணும்மா" என்றார். முகத்தைத் துடைக்காமலே காருக்கு ஓடினார்.

அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் சலூனில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தோம். ஊரே பார்த்திருக்கிறது, பத்திரிகைக்காரன் பார்த்திருக்கிறான், இனிமேல் எப்படி இல்லை என்பார்கள் என்று நான்தான் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். சலூன்காரர் மோட்டார் மெஷினை எந்தப் பக்கம் வைப்பது என்று தரையில் சாக்பீஸால் கோடுகூடப் போட்டுவிட்டார். பத்திரிகையில் மறுநாள் படம் வந்தது. நுரை பூசிய தலைவர் கழுத்தை உயர்த்திக்கொண்டு சிரிக்கும் படம். கத்தி எடுப்பதற்கு முன்னால் பிடித்தது. உழைப்பவர் பக்கம் நின்ற உத்தமர் என்று கீழே போட்டிருந்தார்கள்.

முப்பதாம் தேதி தலைவர் ஓய்வு பெற்றார். முதல் தேதி அவருக்குப் பென்ஷன் வந்துவிட்டதாக வாசல் காவலாளி சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் வாரியத்திலிருந்து ஓர் ஆள் ஒரு பொட்டலமும் ஓர் ஆணையும் கொண்டுவந்தார். முதலாளியாக ஓரிடத்திலும் தொழிலாளியாக ஓரிடத்திலும் சலூன்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். படிக்கச் சொல்லி ஆணையை என்னிடம் கொடுத்தார் சலூன்காரர். நான் ஒருமுறை மனசுக்குள் படித்தேன். சத்தமாகப் படிக்க வாய் வரவில்லை.

"படிங்க, பரவாயில்லை" என்றார் அவர் மனைவி.

படித்தேன். கை நடுங்கும் தொழிலாளி ஒருவரை, பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்திருந்தும், வேலையில் வைத்திருந்தது வாரியத் தலைவர் முன்னிலையில் கையும் களவுமாகப் பிடிபட்டதால், முதலாளிக்கு இரண்டாவது அபராதம் விதிக்கப்படுகிறது. லீவு, ஓவர்டைம் வகையறாவில் முன்பு சொன்ன அபராதமும் இதோடு சேரும். முதலாளியின் பெயரில் வேறு சொத்து ஏதும் இல்லாததால், அவர் பெயரிலேயே வாரியத்தில் இருக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து தொகை பிடித்துக்கொள்ளப்பட்டது. கணக்கில் இருந்ததும் அபராதமும் சரியாக இருந்ததால் கணக்கு முடிக்கப்பட்டது. கணக்கில் பணம் ஏதும் இல்லாதபடியால், தொழிலாளி பணியிலிருந்து ஓய்வு பெற வாரியத்துக்கு இனி ஆட்சேபணை இல்லை. வாழ்த்துகள்.

சலூன்காரர் தரையில் போட்ட சாக்பீஸ் கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷம், அத்தனை தலை. காய்ச்சலோடு திறந்த கடை. ஒரு பயலும் திருடவில்லை, ஒருவன் கையிலும் கறை இல்லை, எல்லாம் கையெழுத்தோடு முத்திரையோடு நடந்திருக்கிறது. வழிப்பறிக்காரனாக இருந்தால் அவன் முகத்தையாவது காறித் துப்பலாம். இங்கே எந்த முகத்தில் துப்புவது?

அவர் மனைவிதான் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே எங்கள் சுவர்க் கடிகாரம். ஓய்வு பெறும் உறுப்பினருக்கு வாரியத்தின் அன்புப் பரிசு என்று அதன் முகத்தில் குறுக்காக ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். முட்கள் ஓடவில்லை.

"என்னங்க, உங்க கடிகாரம் இவ்வளவுதானா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அது நிற்கிற கடிகாரம் இல்லை. வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க மூடியைக் காணோம். நான் போட்டுக் கொடுத்த புது பேட்டரி இருந்த இடம் காலியாக இருந்தது.

"உருவிட்டானுங்க" என்றேன்.

சலூன்காரர் அந்தக் காலி இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, அப்பாவி மனுஷர், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "பேட்டரியையாவது திருப்பிக் குடுங்கன்னு ஒரு மனு எழுதிப் போடலாமா?" என்று கேட்டார்.

"போடுங்க" என்றார் அவர் மனைவி. உள்ளே வீட்டிலிருந்து கை மெஷினை எடுத்துவந்து முன்னால் வைத்துக்கொண்டார். "முதலாளி கையெழுத்து வாங்கிட்டுப் போடுங்க."